பாடமாக்கிய பேச்சு

எங்கள் வயதுக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. இங்கே கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு என்றால் என்ன, வெளிப்படிக்கட்டில் பனி இறுகிக் கிடக்கும்போது அரிசி மூட்டையோடு ஏறுவது என்றால் என்ன என்பது உங்கள் முழங்கால்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. என் வீட்டில் இருப்பவை பிரெஞ்சில் சண்டை பிடித்து, ஆங்கிலத்தில் சமாதானமாகி, தமிழில் சாப்பாடு மட்டும் கேட்கிற பிள்ளைகள். போன கிழமை மெட்ரோவில் சென்னையிலிருந்து படிக்க வந்த இரண்டு பையன்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களும் தமிழர்தானே, பிறகேன் நம்மைப் போலப் பேசவில்லை என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு பனிக்காலம் முழுவதும் தேவைப்படும். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றி இறக்கினார். அம்மா சபனெல் தெருவில் தையல் தொழிற்சாலையில். எங்கள் கேஸ் அதற்கு முந்தின வருடம்தான் சரிவந்திருந்தது. கேஸ் என்று நாங்கள் சொன்னது அகதிக் கோரிக்கை விசாரணையை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைந்தால் சுகம் கேட்பதற்கு முன் கேஸ் என்ன மாதிரி என்றுதான் கேட்பார்கள்.

அந்த நவம்பரில் அப்பா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னறையில் தங்கப்போகிறவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே சொல்கிறேன். கம்பளிக் கையுறை நனைந்து சொட்ட, வாசலிலேயே நின்றுகொண்டு என் அம்மாவைப் பார்த்துக் கை கூப்பி, "வணக்கங்க அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார். அம்மாவின் முகத்துச் சிரிப்பு ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகு "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்றார். குசினிக்குள் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். வவுனியா ஆள் என்று சொன்னீர்கள், இது இந்தியாக்காரி போல அல்லவா கதைக்கிறது, வேலியில் போன ஓணானை மடியில் கட்டின கதையாகப் போகிறது என்று பொரிந்தார். ரேடியேற்றர் அந்த நேரம் பார்த்துச் சீறியது. குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம். முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது ஒரு மெல்லிய பலகைச் சுவர்தான்.

அப்பா சொன்னது உண்மைதான். அக்கா பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கலவரத்துக்குப் பயந்து குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் ஓடிவந்து, காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கேயே வளர்ந்து, கலியாணம் கட்டி, ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. சந்தைக்குப் போன கணவரை ஒரு நாள் வழியில் இராணுவ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. விசாரிக்கப் போன அக்காவையும் தேடத் தொடங்கினார்கள். ஐந்து வயது மகளைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தன் தங்கச்சியோடு விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். கேஸ் சரிவந்தால் மகளைக் கூப்பிடலாம். சரிவராவிட்டால் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கே இது விளங்கியது.

குடியேறிய இடத்திலும் அவர்கள் தங்களுக்குள் மலைநாட்டுப் பேச்சையே பேசினார்கள். சுற்றிவர இருந்தவர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அதனால் அக்காவுக்கு ‘ஓம்’ வராது, ‘ஆமாங்க’தான் வரும். யாழ்ப்பாணத்தாரான நாங்கள் ‘போறன்’ என்றால் அவர் ‘போறேன்’ என்பார். நாங்கள் கதைத்தோம், அவர் பேசினார். எங்கள் வீட்டில் அதுவரை அப்படி ஒரு தமிழைச் சினிமாப் படத்தில் மட்டும்தான் கேட்டிருந்தோம். எனக்கு அது பிடித்துப்போனது. தேயிலைப் பைகளை அவர் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே இருக்கும் தூளைக் கொட்டிக் கொதிக்கவைப்பார். பைக்குள் கட்டிவைத்தால் தேயிலைக்கு மூச்சு முட்டாதா என்று கேட்பார். அந்தத் தேநீரின் நிறமே வேறு. பள்ளிக்கூடத்தால் வந்து, நனைந்த சொக்ஸை ரேடியேற்றர் மேல் காயப் போட்டுவிட்டு, அந்த நாற்றத்துக்கும் தேயிலை வாசத்துக்கும் நடுவில் உட்கார்ந்து அவர் சொல்லும் கதைகளைக் கேட்பேன். இரண்டு கிழமைக்குள் எனக்கும் ‘என்னாங்க’, ‘சரிங்க’ எல்லாம் வந்துவிட்டன. ஒரு நாள் கோயிலில் யாரோ ஒரு அன்ரியிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதுகில் ஒன்று வைத்தார். எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்களாம்.

மாஸ்டர் வந்தது அதற்குப் பிறகு.

மாஸ்டரை உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது உங்கள் தெருவிலும் ஒரு மாஸ்டர் இருந்திருப்பார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மாலையில் வீடு வீடாகப் போய்க் கேஸ் பாடமாக்கிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். விசாரணையில் என்ன கேட்பார்கள், எதை முதலில் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், நடுவர் கண்ணைப் பார்க்க வேண்டுமா கூடாதா எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் கேஸையும் அவர்தான் பாடமாக்கினார். அம்மாவுக்கு அவர் சொன்னால் வேதவாக்கு. ஆகவே அக்காவின் கேஸுக்கு நாள் வந்ததும் அம்மாவே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் அக்காவைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதை எல்லாம் சரி, அதில் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை என்றார். பேச்சுத்தான் பிரச்சினை. நடுவர் வெள்ளைக்காரர், அவருக்குத் தமிழ் ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழர். இவ இந்தியாக்காரி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தியாவுக்கே போகச் சொல்லிவிடுவார்கள். ஊரில் அரசாங்கம் மலைநாட்டு ஆட்களை அப்படி இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே.

"இந்தக் கேஸ் முடியிற வரைக்கும் எங்கடை பேச்சுத்தான் கதைக்க வேணும், பிள்ளை. கனவிலையும் அதுதான்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். "சரிங்க சார்" என்றார். மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா திருத்திக்கொண்டு, "ஓம் மாஸ்டர்" என்றார்.

ஊரோடு ஒத்து வாழ் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்று அந்த அறையில் இருந்த எல்லாரும் அக்காவுக்கு நல்லதுதான் நினைத்தார்கள். இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் உள்ள ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் கதை சொல்ல எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எங்களிடம் ஒரு சிவப்புக் கசெட் ரெக்கோடர் இருந்தது. அப்பா பழைய சாமான் கடையில் எடுத்தது. மூடி உடைந்து, இறப்பர் வளையத்தால் கட்டியிருந்தோம். அது இப்போது எங்கே போனதோ தெரியாது, எத்தனையோ வீடு மாறிவிட்டோம். மாஸ்டர் கேள்வி கேட்பார், அக்கா பதில் சொல்வார், ரெக்கோடர் பதியும். பிறகு நாடாவைச் சுற்றி, திருப்பிப் போட்டு, அம்மாவும் சேர்ந்து மூவரும் காது கொடுப்பார்கள். எங்கே ‘புடிச்சிட்டுப் போனாங்க’ என்று வருகிறதோ அங்கே மாஸ்டர் விரலைத் தூக்குவார். ‘பிடிச்சுக்கொண்டு போட்டினம்’ என்று வரும் வரைக்கும் விடமாட்டார். பிழை வந்தால் அந்த இடத்தில் இல்லை, முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இதனால் அக்காவின் கணவர் எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாலையும் சந்தைக்குப் போனார், ஒவ்வொரு மாலையும் ஜீப்பில் ஏற்றப்பட்டார். ஆரம்பத்தில் அந்த இடம் வரும்போது அக்காவின் குரல் உடையும். மார்கழி முடிவதற்குள் அது நின்றுவிட்டது. எங்கள் பேச்சில் அவருக்குக் கண்ணீர் வரவில்லை. மாஸ்டர் இதைத் தேறிய அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையிலும் பாடம் தொடர்ந்தது. "உப்புப் போதுமா?" என்று அக்கா கேட்டால் அம்மா பதில் சொல்லாமல் காத்திருப்பார், அக்கா "உப்புக் காணுமோ?" என்று திருப்பிக் கேட்கும் வரைக்கும். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. சாப்பிடும்போதாவது அந்தப் பிள்ளையை விடச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். அக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கதைகள் நின்றன. பிழை விடாமல் இருக்க நல்ல வழி வாய் திறக்காமல் இருப்பதுதானே.

அந்த நாட்களில் கொழும்புக்கு அடிக்கடி போன் எடுக்க முடியாது. லொட்ஜில் ஒரே ஒரு போன், அதுவும் கீழ்த்தளத்தில் முதலாளியின் மேசையில். அதனால் மகளுக்கு ஒரு கசெட் பதிந்து தபாலில் அனுப்ப அக்கா ஆசைப்பட்டார். மாஸ்டர் அதையும் எங்கள் பேச்சிலேயே பதியச் சொன்னார். ஒரு வாய்க்கு இரண்டு பேச்சு வைத்தால் விசாரணை நாளில் நாக்குத் தடுமாறும் என்பது அவர் கணக்கு. அக்கா அன்றைக்கு மட்டும் எதிர்த்துப் பேசினார். "அது சின்னப் புள்ளைங்க சார். அதுக்கு எங்க பேச்சு மட்டுந்தான் தெரியும்" என்றார். கேஸ் முடியட்டும், பேந்து எப்படியும் கதையுங்கோ என்று மாஸ்டர் சொன்னார். அம்மாவும் அதையே சொன்னார். அக்கா முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார். சாத்தினாலும் கேட்டது. நல்லாப் படிக்க வேணும் குஞ்சு, அன்ரிக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது, அம்மா கெதியாக் கூப்பிடுவன். ஒரு பிழையும் இல்லை. அம்மா குசினியில் நின்று திருப்தியோடு தலையை ஆட்டினார்.

தை மாதம் முதல் விசாரணை. அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். திரும்பி வந்தபோது படியேறும் சத்தத்திலேயே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு முடிவு சொல்லவில்லை, இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் சரியாக விளங்கவில்லை. விளங்கப்படுத்தியது அக்காவின் வழக்கறிஞர், அதுவும் என் மூலமாக.

அந்த வழக்கறிஞர் ஒரு கியூபெக்காரப் பெண்மணி. அவருடைய கந்தோருக்கு அக்காவோடு என்னையும் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சை வைத்து எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மொழிபெயர்த்தது பிள்ளைகள்தான், உங்களுக்குத் தெரியாததா. வழக்கறிஞர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். இவர் மலைநாட்டில் பிறந்து வவுனியாவில் வளர்ந்தவர் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் விசாரணையில் யாழ்ப்பாணத்து ஆட்கள் போலப் பேசுகிறார் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார், அந்த மொழிபெயர்ப்பாளரே யாழ்ப்பாணத்துக்காரர்தான். கணவரைப் பிடித்துக்கொண்டு போனதைக் கூட இவர் ஒப்புவிப்பது போலச் சொன்னார். அதனால் இந்தக் கதை வேறு யாருடையதோ என்று நடுவருக்குச் சந்தேகம். அடுத்த முறையும் இப்படி நடந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எந்தத் தமிழில் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவருடைய பேச்சில் சொன்னேன். "நீங்க வேற யாரோன்னு நினைக்கிறாங்க அக்கா" என்றேன். அவர் முகம் வெளிறியதை நான் கண்ணால் பார்த்தேன். இப்படிப் பேச யார் சொல்லித் தந்தது என்று வழக்கறிஞர் கேட்டார். அதையும் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டரின் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பத்து வயதுப் பிள்ளை சொல்வதை யார் முழுதாகக் கேட்பார்கள்? சந்தேகம் என்ற சொல் மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தது. மாஸ்டர் எழுந்து அறைக்குள் நடந்தார். எங்கேயோ நாக்குத் தடுமாறியிருக்க வேண்டும், இரண்டு பேச்சும் கலந்து வந்திருக்க வேண்டும், அதுதான் காரணம் என்றார். கலக்கவில்லை மாஸ்டர், யாழ்ப்பாணத்தார் மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள் என்று நான் மறுபடியும் சொன்னேன். பெரிய ஆட்கள் கதைக்கும்போது வாயைக் கொடுக்காதே என்றார் அம்மா. பாடம் இரட்டிப்பானது. மாஸ்டர் வேலைக்குப் போகும் முன் காலையிலும் வந்தார். அவர் கைகளில் சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த வெடிப்புகள் இருந்தன. அந்தக் கைகளால் விரலைத் தூக்கித் தூக்கி, முதலிலிருந்து, முதலிலிருந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம் பிடித்துவிட்டது. அவர் பாடமாக்கிய கேஸ் ஒன்றும் அதுவரை தோற்றதில்லை.

அம்மா ஒரு பக்கம் இரவல் கோட்டுத் தேடினார், இன்னொரு பக்கம் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். அக்கா சாப்பிடுவதை ஏறத்தாழ நிறுத்தியிருந்தார். அப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து பதில் கசெட் வந்தது.

அப்போது வீட்டில் எல்லாரும் இருந்தோம், மாஸ்டர் உட்பட. அக்கா ரெக்கோடரில் போட்டுவிட்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அவருடைய தங்கச்சியின் குரல். சுகம் விசாரித்தது, செய்தி சொன்னது. பிறகு கொஞ்சம் தயங்கியது. "பாப்பா பேச மாட்டேங்குதுக்கா. நீ அனுப்புன கேசட்டப் போட்டதும், இது எங்கம்மா இல்ல, ரேடியோக்காரி பேசுறா, நிப்பாட்டுன்னு சொல்லிருச்சு. அம்மாவப் பேசச் சொல்லுன்னு ராவெல்லாம் ஒரே அழுக." பின்னால் எங்கேயோ ஒரு சின்னக் குரல் கேட்டது, வர மாட்டேன் என்று. நாடா ஓடி முடிந்து தட்டியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் அப்படித்தான், நேரில் கண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நேரில் காண்பதற்கு முதலில் கேஸ் வெல்ல வேண்டும், ஆகவே இனித்தான் கவனம் வேண்டும் என்றார். "ஓம் மாஸ்டர்" என்றார் அக்கா. அன்று மாலையும் பாடம் நடந்தது. அன்றைக்கு ஒரு பிழையும் விடவில்லை. எனக்கு ஏனோ அழுகையாக வந்தது.

இரண்டாம் விசாரணை நாளில் மாஸ்டரும் வந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை, என்னைத் தனியே விட முடியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பார்க் மெட்ரோவில் ஏறியதிலிருந்து மாஸ்டர் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே வந்தார், அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற கிரேக்கக் கிழவி ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருப்பாள். அக்காவின் கண் மட்டும் எதிர்க் கண்ணாடியிலேயே இருந்தது.

அக்கா கேட்டுக்கொண்டதால் அம்மாவை உள்ளே இருக்க விட்டார்கள். மாஸ்டரும் நானும் வெளியே நடைவழியில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். கதவு மூடியது. அது தடித்த கதவு, சொல் ஒன்றும் விளங்காது. ஆனால் குரல் கேட்கும். யாரோ பிரெஞ்சில் கேட்பது, யாரோ தமிழில் சொல்வது. பிறகு அக்கா.

எங்கள் பேச்சு ஒரு வசனத்தின் முடிவில் வெட்டி நிற்கும். அக்காவின் பேச்சு முடிவில் இழுத்துக்கொண்டு மேலே போகும். சொல் விளங்காவிட்டாலும் ராகம் விளங்கும். அந்தக் கதவுக்கு அப்பால் குரல் இழுத்துக்கொண்டு மேலே போனது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் கேட்டுவிட்டார். எழுந்து நின்றார்.

"அவ எங்கடை பேச்சுக் கதைக்கேல்லை" என்றார். என்னிடம் சொல்லவில்லை, கதவிடம் சொன்னார்.

கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். உண்மையாகவே திறந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். திறந்து, பிள்ளை, முதலிலிருந்து என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அந்த நேரம் உள்ளே குரல் உடைந்தது. நான் அதற்கு முன் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. ஒப்பாரியும் இல்லை, விம்மலும் இல்லை. அழுகையோடு அழுகையாகச் சொல்லிக்கொண்டே போகிற குரல், மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் சொல்கிற குரல். மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை நிறுத்திவிட்டார். அவருடைய குரல் கேட்கவே இல்லை. நான் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் கையை எடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாதகா புள்ள, ஒண்டும் நடக்காது" என்றார்.

அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. அது எந்த ஊர்ப் பேச்சு என்றும் அப்போது தெரியாது. பிறகு அப்பாதான் சொன்னார், மட்டக்களப்பில் பெண்பிள்ளைகளோடு அப்படித்தான் ‘கா’ போட்டுக் கதைப்பார்களாம். மாஸ்டரின் சொந்த ஊர் அங்கேதானாம். என் வயதில் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கக் கொண்டுவந்து விடுதியில் விட்டார்களாம். அவர் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்குமாம். ஒரு தவணைக்குள் அந்தப் பேச்சை வாயிலிருந்து துடைத்து எடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தன்னைக் காப்பாற்றியது இதுதான் என்று நம்பிய மனிதர், வந்தவர்களுக்கெல்லாம் அந்த மருந்தையே கொடுத்தார். எனக்கு இப்போது அவர் மேல் கோபம் இல்லை. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால், இரக்கம் என்று சொல்லலாம். அவர் இருந்தால் அந்தச் சொல்லை விரும்பமாட்டார்.

கதவு திறந்தபோது முதலில் வந்தது வழக்கறிஞர். என்னிடம்தான் நேரே வந்தார். நடுவர் இப்போதே, மேசையிலேயே, சரி சொல்லிவிட்டார் என்றார். நான் அதை மாஸ்டருக்குச் சொன்னேன். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடைசியாக அக்கா, முகமெல்லாம் வீங்கி, நடக்கத் தெரியாதவர் போல வந்தார். மாஸ்டருக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்கங்க சார். நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணும் வாயில வரல" என்றார்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். நல்லது பிள்ளை என்றார். அவர் திரும்பவும் எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டார்.

மெட்ரோவில் வந்த வழியாலேயே திரும்பினோம். சந்தோஷம் என்றால் ஆரவாரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று எல்லாரும் காய்ச்சல் விட்டவர்கள் போல இருந்தோம். வழியில் டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், அம்மா சீனி வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா செலவைப் பற்றி யோசிக்கவில்லை, கொழும்புக்குப் போன் எடுக்கச் சொன்னார். அங்கே விடிகிற நேரம். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் கிடைக்கவில்லை. கிடைத்தபோது லொட்ஜ் முதலாளி எடுத்தார், மேலே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வரப் பொறுக்கச் சொன்னார். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில், காதை ஒட்டிக்கொண்டு. அம்மாவும் அப்பாவும் சுவரோரம். மாஸ்டர் கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில். அந்தப் பிள்ளை தன் தாயை அடையாளம் காணுமா, அது ஒன்றுதான் அப்போது எல்லார் முகத்திலும் இருந்தது. கேஸைவிட அது பெரிதாக இருந்தது.

யாரோ ரிசீவரை வாங்கும் சத்தம். சின்ன மூச்சு.

"தங்கம், அம்மா பேசுறேன்டா" என்றார் அக்கா. "நல்லா இருக்கியா? சாப்டியா?"

கடலுக்கடியில் எங்கேயோ இரைகிற சத்தம் மட்டும். அக்காவின் குரல் ஒரு விநாடி கழித்து அந்தப் பக்கமிருந்து எதிரொலித்துத் திரும்பி வந்தது. அவர் மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பிள்ளை கேட்டது.

"அம்மாவா? நெசமா அம்மாவா?"

"ஆமாடா. அம்மாதான்டா. அம்மாவேதான்."

பிள்ளை அழவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கேசட்டுல பேசுனது யாரும்மா?" என்று கேட்டது.

அக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் திரும்பி எங்களைப் பார்த்தார். அம்மாவை, அப்பாவை, மாஸ்டரை, ஒவ்வொருவராக. கோபமாகப் பார்க்கவில்லை. பிள்ளையின் கேள்வி மற்றவர்கள் காதில் விழவில்லை, ஆனாலும் அம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுவா? அது இந்த வீட்டுல எங்கூட இருந்த ஒரு அக்கா, தங்கம்" என்றார். "நல்லவங்கதான். இப்ப போயிட்டாங்க."